மார்கழிப் பனியில் வைக்கோல் போர்: பிள்ளைகளுக்கு மோனே பாணியில் மூன்று படங்கள்

குளிர்கால ஓவியம் என்றதும் கைவேலைப் புத்தகங்கள் பனிமனிதனை வரையச் சொல்கின்றன. புதுச்சேரிப் பக்கம் பாகூரிலோ நெல்லிக்குப்பத்திலோ வளரும் பிள்ளை அதை எங்கே பார்த்திருக்கும்? விடியற்காலையில் ஏரிக்கரைப் பனைமரங்கள் பாதி கரைந்து நிற்பதை வேண்டுமானால் பார்த்திருக்கும். அந்தப் பனியை வரைய பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேவின் முறை நன்றாகக் கைகொடுக்கும்.

பாரிஸுக்கு வடமேற்கே ஜிவெர்னி என்ற கிராமத்தில் 1883 முதல் வாழ்ந்தவர் மோனே. 1890 கோடைக் கடைசியில் தொடங்கி 1891 தொடக்க மாதங்கள்வரை, வீட்டுக்குப் பக்கத்து வயலில் நின்ற போர்களையே திரும்பத் திரும்ப வரைந்தார். சுமார் 25 ஓவியங்கள் கிடைத்தன. அவற்றில் 15 படங்கள் 1891 மே மாதம் பாரிஸில் துராந்த்-ருயெல் காட்சிக்கூடத்தில் வைக்கப்பட்டன. கோடை வெயில், உறைபனி, அந்தி என்று பொழுதுதான் மாறியது; போர் அதேதான். (நம் ஊர்ப் போர் கதிர் அடித்த பிறகு மிஞ்சும் வைக்கோல். அவர் வரைந்தது இன்னும் அடிக்காத கோதுமைக் கட்டுகளை அடுக்கிய போர்.)

நாமும் அதையே செய்யப் போகிறோம். ஒரே போர், ஒரே இடம், மூன்று பொழுது: பனி விலகாத காலை, உச்சி வேளை, மாலை. 7 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும். முக்கால் மணி நேரம் வீதம் மூன்று நாள் உட்கார்ந்தால் முடியும். அரையாண்டு விடுமுறைக்குச் சரியாக இருக்கும்.

முதலில் பார்க்க வேண்டும்

வண்ணப் புட்டியைத் திறப்பதற்கு முன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு போரைக் காட்டுங்கள். மார்கழியில் சம்பா பெரும்பாலும் வயலில்தான் நிற்கும். முந்தைய போகத்து வைக்கோல் வீட்டுக் கொல்லையிலும் மாட்டுக் கொட்டகைப் பக்கத்திலும் போராக இருக்கும். தை அறுவடைக்குப் பிறகு போனால் இயந்திரம் சுருட்டிப் போட்ட உருளைக் கட்டுகள் வயலிலேயே கிடக்கும். அதையும் வரையலாம், குற்றமில்லை.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் அரை சென்டிமீட்டர் ஓட்டை போட்டு, கையை நீட்டிப் பிடித்து, ஒற்றைக் கண்ணால் அதன் வழியே பார்க்கச் சொல்லுங்கள். போரின் நிழல் பக்கம், தரையில் விழுந்த நிழல், தூரத்துப் பனை, வானத்தின் அடிவிளிம்பு ஆகிய நான்கு இடங்களும் போதும். சூரியன் பக்கம் மட்டும் திருப்பக் கூடாது. ஓட்டைக்குள் தெரிவது பொருள் அல்ல, வெறும் நிறம். “வைக்கோல் மஞ்சள்தானே” என்று அடித்துச் சொன்ன பிள்ளை, பனிக்குள் நிற்கும் போரை இப்படிப் பார்த்தால் “சாம்பல்”, “ஊதா” என்று மாற்றிச் சொல்லும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்துவிட்டு நேரே வண்ணத்துக்குப் போனால், மூன்று படங்களிலும் ஒரே மஞ்சள் போர்தான் வரும்.

என்னென்ன வேண்டும்

ஏ3 அளவு, 200 ஜிஎஸ்எம்-க்குக் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறையாத ஓவியத் தாள் ஒன்று. இரண்டு முறை மடித்து வெட்டினால் நான்கு ஏ5 துண்டு கிடைக்கும். மூன்று படத்துக்கு, நான்காவது நிறம் சோதித்துப் பார்க்க. சார்ட் பேப்பர் வேண்டாம். இரண்டாவது பூச்சிலேயே நார் எழும்பி வரும்.

போஸ்டர் கலர் ஆறு நிறங்கள்: வெள்ளை, மஞ்சள், வெர்மிலியன் சிவப்பு, கிரிம்சன் சிவப்பு, நீலம், பச்சை. கோபால்ட் நீலம் கிடைத்தால் நல்லது, அல்ட்ராமரைனும் போதும். 1905-ல் மோனே தாம் பயன்படுத்தும் வண்ணங்களை ஒரு கடிதத்தில் எழுதினார்: வெள்ளை, காட்மியம் மஞ்சள், வெர்மிலியன், அடர்ந்த மாடர் சிவப்பு, கோபால்ட் நீலம், மரகதப் பச்சை. அவ்வளவுதான். கறுப்பும் இல்லை, பழுப்பும் இல்லை. எனவே பெட்டியில் இருக்கும் கறுப்புப் புட்டியை எடுத்துப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எதிரே இருந்தால் நிழலுக்கு அதைத்தான் தொடுவார்கள். வெள்ளை மட்டும் இரண்டு புட்டி வாங்குங்கள். முதலில் தீர்வது அதுதான்.

தட்டைத் தூரிகை இரண்டு (6-ஆம் எண் ஒன்று, 10-ஆம் எண் ஒன்று), ஓர் அங்குல மாஸ்கிங் டேப், பரீட்சை அட்டை இரண்டு, வெள்ளைப் பீங்கான் தட்டு, தண்ணீர்க் கிண்ணம் இரண்டு (ஒன்று கழுவ, ஒன்று அலச), பழைய வேட்டித் துணி. எவர்சில்வர் தட்டில் கலக்க வேண்டாம். பளபளப்பில் நிறம் ஏமாற்றும்.

அச்சும் கோடும்

மூன்று படத்திலும் போர் ஒரே அளவில், ஒரே இடத்தில் இருக்க வேண்டும். பிள்ளைகளைக் கையால் வரையவிட்டால் மூன்றும் மூன்று அளவில் வரும், பிறகு ஒளியின் வேறுபாடு கண்ணில் படாது. அதனால் அட்டையில் அச்சு வெட்டிக்கொள்ளுங்கள்: கீழ்ச்சுவர் 7 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. உயரம். அதன் மேல் கூம்பு, அடியில் 8 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரம். கூம்பு சுவருக்கு வெளியே இரு பக்கமும் அரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கூம்பின் கோடுகளை ஸ்கேல் வைத்து இழுக்காமல் கொஞ்சம் உப்பலாகவே வெட்டுங்கள்.

ஏ5 தாளைக் குறுக்குவாக்கில் பரீட்சை அட்டையில் வைத்து, நான்கு ஓரத்திலும் டேப் 1 செ.மீ. தாளின் மேல் ஏறும்படி ஒட்டுங்கள். படத்துக்கு மிஞ்சும் இடம் 19 × 12.8 செ.மீ. கீழிருந்து 7.5 செ.மீ. உயரத்தில் அடிவானக் கோடு. போரின் அடி கீழிருந்து 4 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். அப்போது உச்சி அடிவானத்துக்கு மேல் 2 செ.மீ. எட்டிப் பார்க்கும். போர் முழுவதும் அடிவானத்துக்குக் கீழே அடங்கிவிட்டால் பொம்மை மாதிரி ஆகிவிடும். இடப் பக்கம் 7.5 செ.மீ., வலப் பக்கம் 3.5 செ.மீ. விட்டு அச்சை வைத்து மெல்லிய பென்சில் கோடு போடுங்கள். இடப் பக்கம் அவ்வளவு இடம் விடுவது மாலை நிழலுக்காக.

நாம் தெற்கு பார்த்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். ஆகவே வெளிச்சம் போருக்குப் பின்னாலிருந்து வருகிறது, நம் பக்கம் நிழல் பக்கம். மோனேவும் பல படங்களில் போரை இப்படி வெளிச்சத்துக்கு எதிரே வைத்துத்தான் வரைந்தார்.

அடிப்பூச்சு

முதல் நாள் இந்த வேலை மட்டும் போதும். வெள்ளைத் தாள் எங்கேயும் தெரியாதபடி மூன்று தாளுக்கும் மூன்று வெளிர் நிறம். காலைக்கு: வெள்ளை 2 தேக்கரண்டி, நீலம் மிளகளவு, வெர்மிலியன் கடுகளவு. வெளிறிய சாம்பல் நீலம் வரும். உச்சிக்கு: வெள்ளை 2 தேக்கரண்டி, மஞ்சள் மிளகளவு, வெர்மிலியன் கடுகளவு. மாலைக்கு: வெள்ளை 2 தேக்கரண்டி, கிரிம்சன் மிளகளவு, மஞ்சள் மிளகளவு. ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஒரு தேக்கரண்டி. பென்சில் கோடு அடியில் மங்கலாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் பூச்சு கெட்டி, இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள்.

10-ஆம் எண் தூரிகையால் இடமிருந்து வலமாக ஒரே போக்கில் பூச வேண்டும். மார்கழியில் கடலோரக் காற்று ஈரமாக இருக்கும், சீக்கிரம் காயாது. மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். புறங்கையைத் தாளில் வைத்துப் பார்த்தால் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் சுருங்கி டேப்பைப் பிய்த்துக்கொண்டு தாள் வளையும். மாடியில் இரவு விட்டால் பனியில் நனைந்து எல்லாம் வீண்.

காலை

பனிதான் இங்கே கதாநாயகன். அதை வெள்ளையாகப் பூசினால் சுண்ணாம்பு அடித்தது போலாகிவிடும். பனிக்கு இப்படிக் கலவை செய்யுங்கள்: வெள்ளை 2 தேக்கரண்டி, நீலம் மிளகளவு இரண்டு, வெர்மிலியன் மிளகளவில் பாதி. இது தட்டின் நடுவில் இருக்கட்டும். இனி எந்த நிறம் எடுத்தாலும் இதோடு கலந்துதான் தாளுக்குப் போக வேண்டும்.

எவ்வளவு கலப்பது என்பதில்தான் தூரம் இருக்கிறது. அடிவானத்துப் பனைமரங்களுக்கு மூன்று பங்கு பனிக்கலவை, ஒரு பங்கு நீலமும் பச்சையும். போருக்குப் பாதிக்குப் பாதி. காலடி வயலுக்கு ஒரு பங்கு பனிக்கலவை, மூன்று பங்கு பச்சை. புட்டிப் பச்சை கண்ணைக் குத்தும், அதில் கடுகளவு வெர்மிலியன் விட்டால் அடங்கும்.

போரின் நிறத்துக்கு நீலமும் கிரிம்சனும் சமமாகக் கலந்து, பனிக்கலவை சேருங்கள். மேல் விளிம்பில் மட்டும் ஐந்தாறு இழுப்பு வெளிறிய மஞ்சள். பனைமரத்தை ஓலை ஓலையாக வரைய விடாதீர்கள். தூரிகையின் முனையை ஒருமுறை அழுத்தி எடுத்தால் ஒரு மரம். ஏழெட்டு போதும், இடைவெளி சமமாக இருக்கக் கூடாது.

இந்தப் படத்தில் தரையில் நிழல் கிடையாது. கனத்த பனியில் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் சிதறி வருவதால் நிழல் விழாது. பழக்கத்தால் பிள்ளைகள் போட்டுவிடுவார்கள், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

உச்சி வேளை

டிசம்பர் கடைசியில் புதுச்சேரியில் உச்சிப் பொழுதுச் சூரியன் சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது எந்தப் பொருளின் நிழலும் அதன் உயரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. நிழல் வடக்கே, அதாவது நம்மை நோக்கி விழும். தாளில் அது போரின் அடியிலிருந்து கீழே ஒன்றரை சென்டிமீட்டர் பட்டையாகத் தெரிந்தால் போதும்.

சூரியன் பின்னால் இருந்தாலும் உயரத்தில் இருப்பதால் கூம்பின் மேல் வெளிச்சம் வழியும், கீழ்ச்சுவர் நிழலில் இருக்கும். கூம்புக்கு மஞ்சள் நான்கு பங்கு, வெள்ளை இரண்டு, வெர்மிலியன் அரைப் பங்கு. சுவருக்கு வெர்மிலியன், மஞ்சள், கொஞ்சம் நீலம். தரை நிழலுக்கு நீலமும் கிரிம்சனும் கலந்த ஊதா, பாதிக்குப் பாதி வெள்ளை விட்டு. மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா வைத்தால் இரண்டுமே பளிச்சென்று தெரியும். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரொய்ல் 1839-ல் விரிவாக எழுதிய விஷயம் இது. நிறங்கள் ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டும் என்பதை அவர் வகைப்படுத்தினார்.

இனி தூரிகை பிடிக்கும் முறை. மூன்று படத்துக்கும் பொதுவானது, ஆனால் இந்தப் படத்தில்தான் நன்றாகப் பழக முடியும். வண்ணம் தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். 6-ஆம் எண் தூரிகையில் எடுத்து, ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓர் இழுப்பு, உடனே கையை எடுத்துவிட வேண்டும். கூம்பில் உச்சியிலிருந்து கீழே சரிவாக, சுவரில் நேர் கீழாக, வயலில் படுக்கையாக இழுக்கச் சொல்லுங்கள். வைக்கோல் எந்தப் பக்கம் படிந்திருக்கிறதோ அந்தப் பக்கம். ஒரு நிறத்தில் பத்து இழுப்பு, தூரிகையைக் கழுவித் துடைத்து, அடுத்த நிறத்தில் பத்து. இழுப்புகளுக்கு நடுவே அடிப்பூச்சு தெரிந்தால் தெரியட்டும். தேய்த்து ஒன்றாக்கக் கூடாது. நிறங்களைத் தாளில் குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நான்கு அடி தள்ளி நின்று பார்க்கும்போது கண் தானாகச் சேர்த்துக்கொள்ளும். அதனால் நடு நடுவே அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பிள்ளைகளை எழுந்து தள்ளிப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைதான் தேய்க்க ஆரம்பிக்கும்.

மாலை

மாலை நாலரை மணிக்குச் சூரியன் 17, 18 பாகைக்கு இறங்கிவிடும். நிழல் போரின் உயரத்தைப் போல மூன்று மடங்கு. ஜிவெர்னி பூமியின் வடக்கே 49 பாகையில் இருப்பதால், அங்கே டிசம்பர் உச்சி வேளையிலேயே சூரியன் ஏறக்குறைய இந்த உயரத்துக்குத்தான் ஏறும். மோனேவின் குளிர்காலப் படங்களில் நிழல் அவ்வளவு நீளமாகக் கிடப்பது அதனால்தான். அவர் படத்தைப் பார்த்து உச்சி வேளைக்கு நீள நிழல் போட்டால் நம் ஊருக்குப் பொருந்தாது.

சூரியன் வலப் பக்கம், மேற்கே. நிழல் இடப் பக்கம் ஓடி, கொஞ்சம் நம் பக்கம் சாய்ந்து, தாளின் ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விடும். ஓரத்துக்கு முன்பே நிறுத்தாமல் டேப்பின் மேலேயே இழுத்துவிடச் சொல்லுங்கள். நிழலின் நிறம் நீலம் மூன்று பங்கு, கிரிம்சன் ஒரு பங்கு, வெள்ளை ஒரு பங்கு. போருக்கு அருகே அடர்த்தியாகவும், ஓரம் போகப் போக வெள்ளை கூட்டியும். போரின் வலது விளிம்பில் வெர்மிலியனும் மஞ்சளும் கலந்த ஆரஞ்சு, சுவர் நடுவில் கிரிம்சன், இடது பக்கம் ஊதா. வானத்தில் கீழே ஆரஞ்சு, மேலே போகப் போக வெளிர் நீலம். நடுவில் இரண்டும் மோதும் இடத்தில் பச்சை தட்டாமல் இருக்க, வெள்ளையும் கிரிம்சனும் கலந்த ஒரு வரிசை இழுப்பு வைத்துப் பிரியுங்கள்.

எங்கே கெடும்

நிறம் சேறாவது: மூன்று நிறத்துக்கு மேல் ஒன்றாகக் கலந்திருக்கும், அல்லது கழுவுகிற தண்ணீர் கலங்கியிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள்.

மேல் பூச்சு போடும்போது அடிப்பூச்சு கரைந்து வருவது: போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும். தூரிகையில் நீர் அதிகம், அல்லது ஒரே இடத்தில் மூன்று நான்கு முறை தேய்க்கிறார்கள். துணியில் ஒற்றிவிட்டு, ஒரே இழுப்போடு விடச் சொல்லுங்கள்.

காய்ந்தபின் நிறம் மாறுவது: அடர் நிறம் வெளுக்கும், வெளிர் நிறம் சற்றுக் கறுக்கும். நான்காவது துண்டில் முதலில் ஒரு கோடு போட்டு, காயவிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். வெடிப்பு விடுவது பூச்சு மிகத் தடித்துப் போனதால். புட்டியிலிருந்து அப்படியே அப்பினால் இதுதான் நடக்கும்.

டேப்போடு தாள் உரிவது: முழுதும் காய்வதற்குள் இழுத்திருப்பார்கள். காய்ந்தபின் டேப்பைப் படத்துக்கு வெளிப்புறமாக, தாளோடு ஒட்டிய கோணத்தில், மெதுவாக மடக்கி இழுக்க வேண்டும். நேராக மேலே தூக்கக் கூடாது.

ஆறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு இவ்வளவும் தாங்காது. வண்ணத் தாளில் ஆயில் பேஸ்டல் கொடுத்து, குட்டிக் கோடுகளாகப் போடச் சொன்னால் போதும், அதுவும் ஒரே படம்.

கடற்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு

புதுச்சேரி நகருக்குள்ளோ தேவனாம்பட்டினத்திலோ போருக்கு எங்கே போவது? அங்கே கிழக்கே கடல் இருக்கிறது. மோனே 1872-ல் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் பனிமூட்டத்துக்குள் உதிக்கும் சூரியனை வரைந்தார். 1874-ல் காட்சிக்கு வந்த அந்தப் படத்தின் பெயர் ‘இம்ப்ரெஷன், சூரிய உதயம்’. அதிலிருந்துதான் மோனே பாணி ஓவியத்துக்கு இம்ப்ரெஷனிசம் என்ற பெயரே பிறந்தது. சாம்பல் நீல வானம், ஆரஞ்சு வட்டம், இரண்டு மூன்று படகுகள். வேறொன்றும் பெரிதாக இல்லை.

அதில் சூரியன் எரிவது போலத் தெரியும், ஆனால் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் ஏறக்குறைய மறைந்துவிடும். காரணம், வட்டமும் வானமும் நிறத்தில்தான் வேறு, வெளிச்ச அளவில் ஒன்றுதான். பிள்ளைகள் செய்து பார்க்க இதைவிட நல்ல விளையாட்டு இல்லை. காலைப் படத்துப் பனிக்கலவையை வானத்துக்கும் கடலுக்கும் பூசி, காயவிட்டு, வெர்மிலியனும் மஞ்சளும் வெள்ளையும் கலந்து 1.5 செ.மீ. வட்டம் வைக்கச் சொல்லுங்கள். பிறகு கைபேசியில் படம் எடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். வட்டம் வெள்ளையாகத் தெரிந்தால் மஞ்சளும் வெள்ளையும் அதிகம், வெர்மிலியன் கூட்டுங்கள். கறுப்பாகத் தெரிந்தால் வெள்ளை கூட்டுங்கள். முதல் முறையே சரியாக வருவது அரிது. வட்டம் தடிப்பதற்குள் நான்காவது துண்டில் பழகிவிட்டு வருவது நல்லது.

படகுக்கு நீலம் மூன்று பங்கு, வெர்மிலியன் ஒரு பங்கு. கறுப்புக்கு அடுத்த அடர்த்தி கிடைக்கும். கிட்டத்துப் படகு அடர்த்தியாக, தூரத்துப் படகு பனிக்கலவை சேர்த்து. தண்ணீரில் சூரியனின் பிரதிபலிப்பை ஒரே கோடாக இழுக்காமல், வட்டத்துக்கு நேர் கீழே சிறு படுக்கை இழுப்புகளாக, கீழே வர வர நீளம் கூட்டி வையுங்கள்.

பத்திரப்படுத்த

இரண்டு நாள் காயட்டும். வளைந்திருந்தால் வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்துக் கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு. செய்தித்தாள் வைத்தால் மை ஒட்டும். ஈரம் இருக்கும்போதே பிளாஸ்டிக் உறையில் போட்டால் நம் பக்கத்துக் காற்றுக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். மூன்றையும் நீள அட்டையில் 2 செ.மீ. இடைவெளி விட்டு, காலை, உச்சி, மாலை வரிசையில் ஒட்டுங்கள். மூலைகளில் மட்டும் பசை வைத்தால் பிறகு பிரித்து எடுக்கலாம். தேதி, மணி, எந்தத் திசை பார்த்தது என்பதைப் பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள்; பங்குனியில் அதே இடத்தில் மறுபடி வரைய உட்காரும்போது தேவைப்படும்.